நோஏடைம் போட்டதுக்கப்புறம் வர்ற வம்பு: டிஸ்க் தூங்கல, மெஷின் எந்திரிக்கல, ஃபைலைக் காணோம்

மாசத்துக்கு ரெண்டு பேராவது லினக்ஸ் டெஸ்க்டாப்ல இந்த ஏடைம் சமாச்சாரத்தைக் கிண்டி வச்சுட்டு எனக்கு ஃபோன் பண்றாங்க. சிஸ்டத்தை ஸ்பீடாக்குறது எப்படின்னு எங்கயோ பாத்திருப்பாங்க, நோஏடைம் போடுன்னு இருந்திருக்கும், போட்டிருப்பாங்க. ஒண்ணு அது வேலையே செஞ்சிருக்காது, இல்ல மறுநாள் காலைல மெஷின் எந்திரிச்சிருக்காது. ஒவ்வொருத்தருக்கும் ஒரே கதையச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் எழுதி வச்சுட்டேன். கமாண்டெல்லாம் ஃபோன்ல சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன், அடிக்கிறப்ப இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க, சுடோ கேக்குற இடத்துல சுடோ போட்டுக்கோங்க.

தியரி வேணாம், நாலு வார்த்தை தெரிஞ்சா போதும். ஒரு ஃபைலைக் கடைசியா எப்பப் படிச்சோங்கிற குறிப்புதான் ஏடைம். ஸ்ட்ரிக்ட்ஏடைம்னா ஒவ்வொரு தடவை படிக்கிறப்பவும் குறிக்கும். ரெல்ஏடைம்னா, கடைசியா குறிச்சதுக்கப்புறம் ஃபைல் மாறியிருந்தாலோ இல்ல குறிச்சு 24 மணி நேரம் ஆயிருந்தாலோ மட்டும் குறிக்கும், மத்தபடி பேசாம இருக்கும். நோஏடைம்னா குறிக்கவே குறிக்காது. லேஸிடைம்னா மெமரில வச்சிருந்துட்டு அப்புறமா சாவகாசமா டிஸ்க்ல எழுதும். 2009ல வந்த 2.6.30 கெர்னல்லருந்து ரெல்ஏடைம்தான் டீஃபால்ட், அதனால நீங்க ஒண்ணுமே பண்ணலன்னாலும் முக்கால்வாசி லாபம் ஏற்கனவே கைல இருக்கு. இத நம்பாமத்தான் பாதிப்பேர் எஃப்எஸ்டேப்ப, அதாவது எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டர்ல எந்த ஆப்ஷனோட மவுண்ட் பண்ணணும்னு (மாட்டணும்னு) எழுதி வச்சிருக்கிற ஃபைலை, போய்த் தொடுறாங்க.

## எந்த வம்பா இருந்தாலும் மொதல்ல இந்த ரெண்டு நிமிஷ செக்

ஃபைண்ட்மவுண்ட்னு அடிங்க, ஸ்பெல்லிங் எஃப் ஐ என் டி எம் என் டி. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் நேரா கடைசி நெடுவரிசைல ஆப்ஷன் வரும், அதுல ரெல்ஏடைம் இருக்கா நோஏடைம் இருக்கான்னு பாருங்க. எஃப்எஸ்டேப் ஃபைலைத் தொறந்து பாத்துட்டு "நோஏடைம்தான் போட்டிருக்கேன்"னு சொல்லாதீங்க, அது நீங்க கேட்டது, ஃபைண்ட்மவுண்ட் காட்டுறதுதான் கெர்னல் குடுத்தது.

அதுலயும் சந்தேகம்னா கையால சோதிச்சுடலாம். அந்த பார்ட்டிஷன்ல ரெண்டு வார்த்தை உள்ள ஒரு புது டெக்ஸ்ட் ஃபைல் பண்ணுங்க. ஸ்டாட் அடிச்சு ஆக்சஸ் வரியோட நேரத்தைக் குறிச்சுக்கோங்க. கேட் அடிச்சுப் படிங்க, திரும்ப ஸ்டாட். இன்னொரு தடவை கேட், இன்னொரு தடவை ஸ்டாட். மொத கேட்டுக்கு நேரம் மாறி ரெண்டாவதுக்கு மாறலன்னா ரெல்ஏடைம், ரெண்டுக்குமே மாறினா ஸ்ட்ரிக்ட்ஏடைம், ரெண்டுக்கும் அசையலன்னா நோஏடைம். இதுக்கு மேல வாதம் கிடையாது.

## வம்பு 1: நோஏடைம் போட்டேன், ஆனா ஃபைண்ட்மவுண்ட்ல ரெல்ஏடைம்னே காட்டுது

எஃப்எஸ்டேப்ப மாத்தினதோட விட்டுட்டீங்களா? மாத்தினா மட்டும் ஒண்ணும் ஆகாது, ரீமவுண்ட் பண்ணணும். சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் ஒரு தடவை, அப்புறம் மவுண்ட், ஹைஃபன் ஓ, ரீமவுண்ட், கடைசில அந்த ஃபோல்டர் பேரு.

ஒரே வரில ரெண்டும் இருக்கா? ஆர்ச் லினக்ஸ் இன்ஸ்டால் பண்றப்ப ஜென்எஃப்எஸ்டேப் தானாவே ரெல்ஏடைம்னு எழுதி வச்சிடும். அதுக்குப் பக்கத்துலயே நோஏடைமும் போட்டு வைக்காதீங்க, பழசை அழிச்சிட்டுப் புதுசை எழுதுங்க.

பிடிஆர்எஃப்எஸ்ங்கிற ஃபைல்சிஸ்டத்துல சப்வால்யூமா (ஒரே பார்ட்டிஷனுக்குள்ள தனித்தனியா மவுண்ட் பண்ற பகுதியா)? ரூட்டுக்கு ஒரு வரி, ஹோமுக்கு ஒரு வரின்னு இருக்கும். கம்ப்ரெஷன் மாதிரி ஆப்ஷன் மொத மவுண்ட்ல எடுத்துக்கிட்டா ஃபைல்சிஸ்டம் மொத்தத்துக்கும் பொருந்தும், ஆனா நோஏடைம் மவுண்டுக்கு மவுண்ட் தனி, ஒவ்வொரு வரிலயும் எழுதணும். ஒருத்தர் ரூட்ல மட்டும் போட்டுட்டு ஹோம்ல விட்டுட்டாரு, படிக்கிற ஃபைல் பூரா ஹோம்லதானே கெடக்கு.

நெட்வொர்க்ல உள்ள நாஸ் பெட்டியா? என்எஃப்எஸ்ல (நெட்வொர்க் வழியா ஃபைலைப் பகிர்ற முறை) கிளையண்ட் பக்கம் நோஏடைம் போட்டு ஒரு புண்ணியமும் இல்ல, ஏடைமை வச்சுக்கிறது சர்வர். அங்க போய் மாத்துங்க.

சொருகினா தானா மவுண்ட் ஆகுற யூஎஸ்பியா? அது எஃப்எஸ்டேப்ல இருக்காது, டெஸ்க்டாப்பே மவுண்ட் பண்ணுது. தினம் சொருகுற டிஸ்க்னா யூயூஐடி (டிஸ்க்கோட அடையாள எண்) போட்டு எஃப்எஸ்டேப்ல ஒரு வரி எழுதுங்க, நோஃபெயில்னு ஒரு வார்த்தை மறக்காம. ஃபேட்ல இருக்கிற பென்டிரைவ்னா விட்டுத் தள்ளுங்க, அதுல ஏடைம்னு இருக்கிறதே தேதி மட்டும்தான், மணி நிமிஷமெல்லாம் கெடையாது.

## வம்பு 2: எஃப்எஸ்டேப்ல கை வச்சேன், மெஷின் எமர்ஜென்சி மோடுக்குப் போயிடுச்சு

இதான் எனக்கு அதிகமா வர்ற ஃபோன், அதுவும் எப்பவும் ராத்திரி பத்து மணிக்கு மேல. சித்தப்பா பையன் போன மாசம் பண்ணான், "அண்ணே கறுப்பு ஸ்க்ரீன்ல என்னமோ கேக்குது, ஃபார்மேட் பண்ணிடட்டுமா"ன்னு. டேய் ஒண்ணும் ஆகல, எதையும் தொடாத, ஸ்க்ரீன்ல இருக்கிறத மட்டும் படின்னேன். படிச்சான். ஹோம் மவுண்ட் ஃபெயில்டு. எஃப்எஸ்டேப்ல டீஃபால்ட்ஸ், கமா, ஒரு ஸ்பேஸ், அப்புறம் நோஏடைம்னு எழுதி வச்சிருக்கான். அந்த ஒரு ஸ்பேஸ்தான் வில்லன். எஃப்எஸ்டேப்ல ஸ்பேஸ்னா அடுத்த நெடுவரிசைன்னு அர்த்தம், அதனால ஆப்ஷன் கமாவோடயே நின்னுபோச்சு, நம்பர் இருக்கவேண்டிய இடத்துல நோஏடைம் போய் உக்காந்துக்கிச்சு.

ரூட் பாஸ்வேர்ட் கேட்டு உள்ள விட்டுச்சுன்னா: மவுண்ட், ஹைஃபன் ஓ, ரீமவுண்ட் கமா ஆர்டபிள்யூ, ஸ்லாஷ். இது பண்ணாம நானோங்கிற எடிட்டர்ல தொறந்தா சேவ் ஆகாது, ரூட் ரீட்-ஒன்லியா இருக்கும். அப்புறம் நானோல எஃப்எஸ்டேப்ப தொறந்து நீங்க மாத்தின வரியைப் பழையபடி ஆக்குங்க, ஞாபகம் இல்லன்னா அந்த வரிக்கு முன்னாடி ஒரு ஹாஷ் போட்டு ரீபூட் பண்ணுங்க. ரூட் வரிக்கு மட்டும் ஹாஷ் போடாதீங்க.

ரூட் அக்கவுண்ட் லாக்குன்னு சொல்லி உள்ளயே விடலன்னா: லைவ் யூஎஸ்பில பூட் பண்ணி, உங்க ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் பண்ணி, அதுக்குள்ள இருக்கிற எஃப்எஸ்டேப்ப திருத்துங்க. லைவ் சிஸ்டத்தோட எஃப்எஸ்டேப்ப திருத்திட்டு "மாறலயே"ன்னு ஃபோன் பண்ணவங்களும் உண்டு.

ஒண்ணரை நிமிஷம் காத்துக்கிட்டிருந்துட்டு அப்புறம் எமர்ஜென்சிக்குப் போச்சுன்னா: அது ஆப்ஷன் தப்பு இல்ல, டிஸ்க்கையே காணோம். யூயூஐடி தப்பா இருக்கலாம், கேபிள் லூஸா இருக்கலாம். பிஎல்கேஐடி அடிச்சு யூயூஐடிய ஒப்பிட்டுப் பாருங்க. டிஸ்க் லிஸ்ட்லயே வரலன்னா பவரை ஆஃப் பண்ணி சாட்டா கேபிளைக் கழட்டி மாட்டுங்க, வேற கேபிள்லயும் வரலன்னா கடைசித் தலைப்புக்குப் போங்க.

இனிமே இது வராம இருக்க: எடிட் பண்றதுக்கு முன்னாடி ஃபைலை ஒரு காப்பி எடுங்க. எடிட் பண்ணி முடிச்சு ஃபைண்ட்மவுண்ட், ரெண்டு ஹைஃபன் வெரிஃபை. இது நெடுவரிசை தள்ளிப்போனதைப் புடிச்சுடும், ஆனா ஆப்ஷன் ஸ்பெல்லிங் வரைக்கும் பாத்துடும்னு நம்பாதீங்க. நெறைய பேரு மவுண்ட் ஹைஃபன் ஏ அடிச்சுப் பாத்து எரர் வரலன்னு திருப்தியா ஷட்டவுன் பண்ணிட்டுப் படுத்துடுறாங்க. அது ஏற்கனவே மவுண்ட் ஆகி இருக்கிறத கண்டுக்கவே கண்டுக்காது, அதனால ஹோம் வரில நீங்க பண்ண தப்பு அதுக்குத் தெரியாது. மவுண்ட், ஹைஃபன் ஓ, ரீமவுண்ட், ஸ்லாஷ் ஹோம்னு அடிங்க, அப்பதான் எஃப்எஸ்டேப் வரியைப் படிச்சு உண்மையிலேயே முயற்சி பண்ணும், தப்பு இருந்தா அங்கயே முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிடும். டேட்டா டிஸ்க் எல்லாத்துக்கும் நோஃபெயில் போட்டு வைங்க, அது வரலன்னாலும் மெஷின் பூட் ஆயிடும்.

## வம்பு 3: யாருமே தொடல, ஹார்ட் டிஸ்க் சுத்திக்கிட்டே இருக்கு

ஸ்டுடியோ வச்சிருக்கிற ஒரு நண்பருக்கு வந்தது. 4 டிபி டிஸ்க்ல பழைய கல்யாண ஆல்பம் பூரா, ராத்திரி முழுக்க "உர்ர்"னு ஓடுது, பக்கத்து ரூம்ல படுக்க முடியல. நோஏடைம் போட்டா நின்னுடும்னு யாரோ சொல்லிட்டாங்க. போட்டாரு, நிக்கல. ஏன்னா காரணம் அது மட்டும் இல்ல.

தூங்கச் சொல்லியிருக்கீங்களா? ஹெச்டிபார்ம், ஹைஃபன் பெரிய சி போட்டு டிஸ்க் பேரைக் குடுத்தா இப்ப ஸ்டேண்ட்பைல இருக்கா ஆக்டிவ்ல இருக்கான்னு சொல்லும். தூங்குறதுக்கான டைமே செட் பண்ணலன்னா அது எதுக்குத் தூங்கும்? ஹெச்டிபார்ம், ஹைஃபன் பெரிய எஸ், 120, கடைசில டிஸ்க் பேரு. ஒரு எண்ணுக்கு 5 செகண்டு கணக்கு, ஆக 10 நிமிஷம். இதுக்குக் கீழ கொறைக்காதீங்க, அடிக்கடி நின்னு நின்னு சுத்துறது டிஸ்க்குக்கு நல்லதில்ல. சில யூஎஸ்பி பெட்டி இந்தக் கமாண்டை உள்ள கடத்தவே கடத்தாது, அப்ப பெட்டியைத்தான் மாத்தணும்.

இண்டெக்ஸர் (ஃபைலைச் சீக்கிரம் தேட லிஸ்ட் போட்டு வைக்கிற ப்ரோக்ராம்) தோண்டுதா? கேடிஇல பலூ, க்னோம்ல லோக்கல்சர்ச், முன்னாடி டிராக்கர்னு பேரு. செட்டிங்ஸ்ல ஃபைல் சர்ச் பக்கத்துல அந்த டிஸ்க்கை மட்டும் லிஸ்ட்லருந்து தூக்கிடுங்க. ஸ்டுடியோக்காரருக்கு இதான் பிரச்சனை, லட்சக்கணக்கான ஜேபெக்கை அது ராவும் பகலுமா நக்கிக்கிட்டிருந்துச்சு. அதைத் தூக்கினதும் பாதி சத்தம் போச்சு. பாதிதான்.

மிச்சப் பாதி ஏடைமான்னு கண்டுபிடிக்க: ரெண்டு டெர்மினல் தொறங்க. ஒண்ணுல ஃபேட்ரேஸ், இன்னொண்ணுல ஐஓடாப், ஹைஃபன் ஏ ஓ. கால் மணி நேரம் விட்டுட்டு டீ குடிச்சுட்டு வாங்க. ஃபேட்ரேஸ்ல அந்த டிஸ்க்குக்கு டபிள்யூன்னு வரி வந்தா ஏதோ ப்ரோக்ராம் நெஜமாவே எழுதுது, பேரும் அங்கயே இருக்கும், அதை நிறுத்துங்க, ஏடைமுக்கு இதுல சம்பந்தம் இல்ல. ஆனா ஃபேட்ரேஸ்ல வெறும் ஆர், அதாவது படிக்கிறது மட்டும்தான் வருது, ஐஓடாப்ல மட்டும் ஜேபிடி2ன்னு ஆரம்பிக்கிற ஒண்ணு அந்த டிஸ்க் பேரோட கொஞ்சம் கொஞ்சமா எழுதிக்கிட்டே இருக்குன்னா, ஆளு மாட்டிக்கிச்சு. ஜேபிடி2ங்கிறது எக்ஸ்ட்4ங்கிற ஃபைல்சிஸ்டத்தோட ஜர்னல், மாத்தத்தை மொதல்ல குறிச்சு வைக்கிற எடம். யாரும் எழுதாம ஜர்னல் மட்டும் ஓடுதுன்னா படிக்கிறதுக்கான குறிப்பைத்தான் எழுதுதுன்னு சந்தேகப்படலாம்.

எப்படி ஆகுதுன்னா, நேத்து பாத்த ஃபோட்டோ இன்னும் மெமரில இருக்கு, இன்னிக்குத் திரும்பத் தொறக்குறீங்க, படிக்க டிஸ்க் தேவையே இல்ல, ஆனா 24 மணி நேரம் ஆயிடுச்சேன்னு ரெல்ஏடைம் ஒரு குறிப்பு எழுதுது, அந்த ஒரு குறிப்புக்காகத் தூங்குற டிஸ்க்கை எழுப்பி விடுது. இந்த மாதிரி ஆல்பம் டிஸ்க், பாட்டு டிஸ்க், சினிமா டிஸ்க்குக்கு நோஏடைம் கண்ண மூடிக்கிட்டுப் போடலாம். அவருக்கும் அதைப் போட்டதும் சுத்தமா நின்னுச்சு, முன்னாடி போட்டது ஏன் வேலை செய்யலன்னு பாத்தா வம்பு 1தான், ரீமவுண்டே பண்ணல மனுஷன்.

## வம்பு 4: பிடிஆர்எஃப்எஸ்ல ஸ்னாப்ஷாட் எடம் தின்னுது, நான் ஒண்ணுமே மாத்தலயே

இங்க மட்டும் நான் யோசிக்காம நோஏடைம் போடச் சொல்லுவேன். பிடிஆர்எஃப்எஸ் எதையும் இருந்த இடத்துலயே மாத்தாது, புது எடத்துல எழுதும். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே புடிச்சு வைக்கிறது) எடுத்த பிறகு ஏடைம் மாறினாலும் அந்த மெட்டாடேட்டா (ஃபைலைப் பத்தின குறிப்பு) துண்டைக் காப்பி எடுத்துத்தான் மாத்தும், பழசை ஸ்னாப்ஷாட் புடிச்சு வச்சிருக்கும். மணிக்கொரு ஸ்னாப்ஷாட் ஓடுது, தெனம் ஒரு பேக்கப் எல்லா ஃபைலையும் படிக்குதுன்னா கணக்கு போட்டுக்கோங்க.

பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்னு அடிச்சு மெட்டாடேட்டா வரியைப் பாருங்க. டேட்டா அப்படியே இருந்து மெட்டாடேட்டா மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறுதுன்னா இதான். எல்லா சப்வால்யூம் வரிலயும் நோஏடைம், பழைய ஸ்னாப்ஷாட்டை டெலீட், அவ்வளவுதான். டிஎஃப்ல எடம் காட்டுது ஆனா எடமே இல்லங்கிற எரர் வருதுன்னா மெட்டாடேட்டா ரொம்பிடுச்சுன்னு அர்த்தம், மொதல்ல ஸ்னாப்ஷாட்டைக் கொறைச்சுட்டு டேட்டாக்கு மட்டும் ஒரு சின்ன பேலன்ஸ் (எடத்தைத் திரும்ப ஒழுங்குபடுத்துற பிடிஆர்எஃப்எஸ் கமாண்ட்) ஓட்டுங்க. பேலன்ஸும் எரர் குடுத்து ரீட்-ஒன்லிக்குப் போயிடுச்சுன்னா ரிப்பேர்ங்கிற ஆப்ஷனை ஓட்டவே ஓட்டாதீங்க, டேட்டாவைக் காப்பி எடுத்துட்டு, விவரம் தெரிஞ்சவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அடுத்த அடி எடுத்து வைங்க.

## வம்பு 5: நோஏடைம் போட்டப்புறம் ஃபைல் காணாமப் போகுது, இல்ல புது மெயில் காட்டல

மெயில்: மட் மாதிரி டெர்மினல் மெயில், அதுவும் எம்பாக்ஸ்னு எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கிற டைப்னா, படிச்ச நேரத்தையும் மாறின நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் புது மெயில் இருக்கான்னு கண்டுபிடிக்கும். ரெல்ஏடைமுக்கு மாறுங்க, சரியாயிடும். மெயில்டிர்னா (ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு ஃபைல்னு வைக்கிற டைப்) இந்தத் தொல்லையே கெடையாது. இப்பல்லாம் பிரவுசர்லதான் மெயில் பாக்குறோம், அதனால இது வந்தா நீங்க பழைய ஆளுன்னு அர்த்தம், வணக்கம்.

தற்காலிக ஃபோல்டர்ல வச்ச ஃபைல்: சிஸ்டம்டி அனுப்பி வைக்கிற டீஃபால்ட்ல டெம்ப் ஃபோல்டர்ல 10 நாள், வார் டெம்ப்ல 30 நாள், அதுக்கு மேல யாரும் தொடாததைக் கூட்டித் தள்ளிடும், டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ இது மாறும். தொட்டோமா இல்லயாங்கிறதுக்கு ஏடைமும் ஒரு சாட்சி. நோஏடைம் போட்டா அந்த சாட்சி இல்ல, தெனம் படிக்கிற ஃபைலும் பழசுன்னு போயிடும். நேர் வழி, அங்க முக்கியமான எதையும் வைக்காதீங்க.

சொந்தமா எழுதின க்ளீனிங் ஸ்க்ரிப்ட்: இது நான் பட்டது. டவுன்லோட் ஃபோல்டர்ல 30 நாள் தொறக்காததை அழிக்க ஃபைண்ட், ஹைஃபன் ஏடைம், பிளஸ் 30, டெலீட்னு க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற ஏற்பாடு) போட்டு வச்சிருந்தேன், வருஷக்கணக்கா நல்லா ஓடிச்சு. எஸ்எஸ்டி மாத்தினப்ப ஜோரா நோஏடைமும் போட்டேன், ஸ்க்ரிப்ட் இருக்கிறதே மறந்துபோச்சு. வாராவாரம் தொறந்து பாக்குற வீட்டுக் கடன் பிடிஎஃப் ஒரு நாள் இல்ல. பேக்கப்ல இருந்ததால தப்பிச்சேன். இந்த மாதிரி ஸ்க்ரிப்ட் உள்ள பார்ட்டிஷன்ல ரெல்ஏடைம்தான், நாள் கணக்குக்கு அது தாராளமாப் போதும். எந்த ஸ்க்ரிப்ட் ஏடைமை நம்பியிருக்குன்னு தெரியலன்னா க்ரான் லிஸ்ட்லயும் உங்க ஸ்க்ரிப்ட் ஃபோல்டர்லயும் ஏடைம்னு ஒரு க்ரெப் (வார்த்தை தேடுற கமாண்ட்) அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் மாத்துங்க.

இதுக்கு நேரெதிர் வம்பும் உண்டு, எதுவுமே பழசாகாது, ஸ்க்ரிப்ட் ஒண்ணையும் அழிக்காது. தெனம் ஒரு பேக்கப் எல்லாத்தையும் படிச்சா எல்லா ஏடைமும் நேத்துத் தேதியாத்தான் இருக்கும். பேக்கப் எடுக்குற டார் கமாண்ட்ல ஏடைம்-ப்ரிசர்வ் ஈக்வல் சிஸ்டம்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டா படிச்ச தடம் பதியாது.

## வம்பு 6: எஸ்எஸ்டி சீக்கிரம் தேஞ்சுடுமோன்னு பயம்

வம்பு இல்ல, பயம். ஸ்மார்ட்சிடிஎல் ஹைஃபன் ஏ அடிச்சு என்விஎம்இ டைப் எஸ்எஸ்டில டேட்டா யூனிட்ஸ் ரிட்டன் (இதுவரைக்கும் எழுதினது) பாருங்க. ஒரு யூனிட் 5,12,000 பைட். 2 கோடி யூனிட்னா 10.24 டிபி. 500 ஜிபி சாம்சங் 970 ஈவோ பிளஸ்க்கு இவ்வளவு எழுதலாம்னு கம்பெனி சொல்ற அளவு 300 டிபி. உங்க கணக்கைப் போட்டுப் பாத்துட்டு நிம்மதியாத் தூங்குங்க. ரெல்ஏடைம் இதுல ஒரு தூசி, பிரவுசர் கேஷே அதைவிட எழுதும். எழுதுறது நெஜமாவே தாறுமாறா ஏறுதுன்னா ஐஓடாப்ல ஒரு நாள் கணக்குப் பாருங்க, ஆப்ஷனை மாத்திக்கிட்டு ஒக்காராதீங்க.

லேஸிடைம் போடலாமான்னு கேப்பாங்க. 2015ல 4.0 கெர்னல்ல எக்ஸ்ட்4க்கு வந்தது, ஏடைமும் கரெக்டா வேணும் எழுதுறதும் கொறையணும்னா நல்ல சாமான். ஆனா கரண்டு பட்டுனு போனா மெமரில இருந்த நேரக் குறிப்பு போயிடும், ஃபைல் மாறின நேரமும் சேத்துத்தான். யூபிஎஸ் இல்லாத வீட்டுல, மாறின நேரத்தை வச்சு பேக்கப் எடுக்குற மெஷின்ல நான் போட மாட்டேன்.

## வம்பு 7: ஃபோல்டர் தொறக்கவே நேரமாகுது, அப்பப்ப அப்படியே நிக்குது

ரெல்ஏடைம் இருக்கிற மெஷின்ல இதுக்கு ஏடைம் காரணமா இருந்து நான் பாத்ததே இல்ல. ஃபைண்ட்மவுண்ட்ல ஸ்ட்ரிக்ட்ஏடைம்னு இருந்தா மட்டும் அதைத் தூக்குங்க. இல்லன்னா அடுத்து டிஎம்இஎஸ்ஜில (கெர்னல் மெசேஜ் காட்டுற கமாண்ட்) ஐ-ஓ எரர் இருக்கா, ஸ்மார்ட்சிடிஎல்ல கரண்ட் பெண்டிங் செக்டர் (படிக்கத் தகராறு பண்ற எடம்) பூஜ்யமா இருக்கா, ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாத்தின எடம்) ஏறிக்கிட்டே போகுதான்னு பாருங்க.

எல்லாம் பூஜ்யம்னா: கேபிளை மாத்திப் பாருங்க. ஃபோல்டர்ல ஒரு லட்சம் ஃபைல் இருந்தா தம்ப்நெயிலை ஆஃப் பண்ணிப் பாருங்க.

பெண்டிங் இருக்கு, ஆனா டிஸ்க் அமைதியா ஓடுதுன்னா: இன்னிக்கே காப்பி. ஃபைல் ஃபைலா இழுத்துக்கிட்டிருக்காம டிடிரெஸ்க்யூல மொத்தமா வேற டிஸ்க்குக்கு இமேஜ் எடுங்க. அந்த டிஸ்க்கை மவுண்ட் பண்ணியே ஆகணும்னா ரீட்-ஒன்லி மட்டும் பத்தாது, எக்ஸ்ட்4 ரீட்-ஒன்லிலயும் ஜர்னலை ரீப்ளே பண்ணி எழுதும், கூடவே நோலோட்னும் போடணும்.

"டக் டக்"னு சத்தம் வருது, இல்ல பயாஸ்லயே தெரியலன்னா: பவரை ஆஃப் பண்ணிட்டுக் கையை எடுத்துடுங்க. இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பாப்போமேன்னு பண்ற ஒவ்வொரு தடவையும் உள்ள தட்டு கீறிக்கிட்டிருக்கலாம். சுத்தமான ரூம் வச்சிருக்கிற டேட்டா ரெக்கவரிக்காரங்ககிட்ட குடுங்க, காசு ஆகும், குடுக்கிறதுக்கு முன்னாடி எஸ்டிமேட் எழுதி வாங்குங்க. தெருமுனைக் கடைல "தொறந்து பாக்குறேன் சார்"னு ஸ்க்ரூடிரைவர் எடுத்தாருன்னா டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கிட்டு வந்துடுங்க.